தீப்பெட்டிக்குள் ஒரு பொன்வண்டு

வணக்கம் மேடம். மதுரை அண்ணாநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது. ஆறு மாதமாக எதற்கெடுத்தாலும் கோபம். செல்போனைப் பிடுங்கினால் கையில் கிடைத்ததை வீசுகிறான். ராத்திரி பதினொன்றானாலும் தூங்குவதில்லை. போன மாதம் கண்ணாடி வேறு போட்டாயிற்று. கீழே விளையாட விட்டால், பந்து கார் மேல் படுகிறது என்று சத்தம் போடுகிறார்கள். சாயங்காலம் டியூஷன், அப்புறம் அபாகஸ்.

காலாண்டு லீவுக்கு மேலூர் பக்கம் எங்கள் அம்மா ஊரில் விட்டிருந்தோம். ஒன்பது நாளும் கண்மாய்க்கரையிலேயே கிடந்தானாம். கறுத்துப்போய், முட்டியெல்லாம் சிராய்ப்போடு, தீப்பெட்டிக்குள் ஒரு பொன்வண்டை வைத்துக்கொண்டு வந்தான். "பூச்சியெல்லாம் வீட்டுக்குள்ள எதுக்கு?" என்று தூக்கி எறிந்துவிட்டேன். இங்கே வந்ததும் பழையபடி கோபம். மனநலக் கோளாறு ஏதும் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

– ஒரு தாய், மதுரை

அன்புச் சகோதரிக்கு,

ஊரில் இருந்த ஒன்பது நாளில் அவன் செல்போன் கேட்டதாக நீங்கள் எழுதவே இல்லை. கோபப்பட்டதாகவும் இல்லை. முதலில் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, அங்கே எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்கள் பயத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று நினைக்கிறேன்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகனுக்குப் பள்ளி, டியூஷன், அபாகஸ் எல்லாமே உட்கார்ந்த இடத்தில்தான். நாளெல்லாம் அடக்கி வைத்தது ராத்திரி கோபமாக வெளியே வருகிறது. பகல் வெளிச்சம் போதுமான அளவு படாவிட்டால் தூக்கமும் தள்ளிப்போகும்.

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்ற பிள்ளைகளில் 40 பேருக்கு. வீட்டுக்குள் எத்தனை டியூப்லைட் போட்டாலும் மரத்தடி வெளிச்சத்துக்கு ஈடாகாது. ஏற்கெனவே வந்த பவர் இதனால் இறங்காது, கண் மருத்துவரை விட்டுவிடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? அபாகஸை நிறுத்துங்கள். வருத்தப்படாதீர்கள், இதை நான் அழுத்தியே சொல்கிறேன். வண்டியூர் கண்மாய் உங்களுக்குப் பக்கம்தான். தினமும் ஒரு மணி நேரம் அவனோடு போங்கள். கொக்கும் நீர்க்காகமும் இருக்கும், குச்சியும் மண்ணும் கிடைக்கும். என்ன விளையாடுவது என்று சொல்லித்தராதீர்கள், அவனே கண்டுபிடிப்பான். ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிப்போங்கள். அவன் மேலே ஏறும்போது "விழுந்துடுவ, விழுந்துடுவ" என்று கத்தாமல் பின்னாலேயே ஏறுங்கள். தண்ணீர்ப் பக்கம் போனால் மட்டும் கையெட்டும் தூரத்தில் இருங்கள். செல்போனைப் பிடுங்க வேண்டாம். வெளியே போகிற நேரத்தில் அது வீட்டில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. ஒரு மாதம் பார்த்தும் கோபமும் தூக்கமும் அப்படியே இருந்தால் அவனை நேரில் அழைத்து வாருங்கள்.

அப்புறம் அந்தப் பொன்வண்டு. தீப்பெட்டிக்குள் இலை போட்டு, மூச்சு விட ஓட்டை போட்டு, மேலூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருப்பான். உங்களிடம் காட்டத்தான். "அன்னைக்கு அம்மா அதைத் தூக்கிப் போட்டது தப்புடா" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அது எந்த மரத்தில் கிடைத்தது என்றும் கேளுங்கள். அடுத்த மழைக்கு ஊருக்குப் போகும்போது அந்த மரத்தை அவன் உங்களுக்குக் காட்டட்டும்.