கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையும் ஆர்கானிக் ஒயினும்: கேள்வி பதில்

தேனி மாவட்டத்துத் திராட்சை விவசாயிகளும் குமுளிப் பக்கத்து அன்பர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஆர்கானிக் ஒயினுக்கு உலகச் சந்தை பெருகுகிறது என்கிறார்களே, உண்மையா ஐயா? (சுருளிப்பட்டி விவசாயி)

உண்மைதான். பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பின் கணக்குப்படி 2019-இல் ஆர்கானிக் முறையில் சாகுபடியான திராட்சைத் தோட்டங்கள் சுமார் 4,54,000 ஹெக்டேர். அது உலகத் திராட்சைப் பரப்பில் 6.2 விழுக்காடு. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளிலேயே இருக்கிறது. அங்கே பல பகுதிகளில் கோடை வறண்டிருப்பதால் பூஞ்சண நோய்கள் குறைவு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் பன்னீர் திராட்சையை மருந்தில்லாமல் விளைவிக்க முடியுமா? (காமயகவுண்டன்பட்டி)

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆர்கானிக் என்றால் எதையுமே தெளிக்கக் கூடாது என்று பொருளல்ல. மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவைக்கும், சாம்பல் நோய்க்கான கந்தகத்துக்கும் அனுமதி உண்டு. ஆனால் தாமிரம் மண்ணில் தங்கிவிடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் கவாத்தும் இன்னொரு பந்தலில் அறுவடையும் நடக்கின்றன. ஆகவே இலையின் அடிப்பக்கம் பூஞ்சணம் படரும் அடிச்சாம்பல் நோய்க்கு இளந்தளிர் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. பந்தலில் கொடிகளை நெருக்கமாக விடாமல், குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுப்பவருக்கே குறைந்த தெளிப்பில் பழம் கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்தில் அடிக்கும் மருந்து காற்றில் வராமலிருக்க எல்லையில் இடைவெளியோ உயிர்வேலியோ வேண்டும். அரை ஏக்கர் பந்தலில் இது பெரிய இழப்பு என்பதை நான் அறிவேன். அதனால்தான் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து மாறுவதை வலியுறுத்துகிறேன்.

கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, அது போதாதா?

போதாது. 2023-இல் கிடைத்த அந்தக் குறியீடு பழம் எங்கே விளைந்தது என்பதற்கு அடையாளம். எப்படி விளைந்தது என்பதற்கு அது சான்றாகாது.

சான்றிதழ் பெற எவ்வளவு காலம் ஆகும்? (கூடலூர், இளைஞர்)

தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்படி திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாற்றக் காலம் மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்தில் செலவு கூடும், மகசூல் தளரும். ஆனால் பழத்தை ஆர்கானிக் என்று விற்க முடியாது. வாங்குபவர் யார் என்று தெரியாமல் முழுத் தோட்டத்தையும் மாற்றிவிடாதீர்கள் தம்பி. விவசாயிகள் குழுவாகப் பதிவு செய்துகொண்டால் சான்றிதழ்ச் செலவு பகிர்ந்து போகும். ஒயினுக்குக் கலால் உரிமம், ஆலை, முதலீடு எல்லாம் தேவை. அதே பழத்தைச் சாறாக்கி விற்பது நமக்கு அருகில் உள்ள வழி. நம் பன்னீர் திராட்சை எனப்படும் மணமுள்ள இந்த மஸ்கட் ஹாம்பர்க் வகைக்குச் சாற்றிலும் தனிச் சிறப்பு உண்டு.

ஆர்கானிக் ஒயினில் சல்பைட் இருக்காது, தலைவலி வராது என்கிறார்கள். சரியா? (குமுளி, விடுதி நடத்துபவர்)

இரண்டுமே சரியல்ல. ஒயின் கெடாமலிருக்கச் சேர்ப்பது சல்பைட். அமெரிக்காவில் ஆர்கானிக் ஒயின் என்று பெயரிட வேண்டுமானால் அதைச் சேர்க்கவே கூடாது. ஐரோப்பாவிலோ 2012 அறுவடையிலிருந்து நடைமுறைக்கு வந்த விதி, இனிப்பற்ற சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. சாதாரண ஒயினுக்கு அது 150. அதற்கு முன் அங்கே ‘ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்’ என்று மட்டுமே எழுத முடிந்தது. நொதிக்கும்போது ஈஸ்டே சிறிதளவு சல்பைட்டை உண்டாக்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் சல்பைட்டில் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் தலைவலிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆல்கஹாலையே. உங்கள் விருந்தினரிடம் ஆர்கானிக் ஒயின் உடலுக்கு நல்லது என்று சொல்லி விற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆல்கஹாலின் கேடு அதில் ஒரு துளியும் குறைவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போட்டு அக்கம்பக்கத்தில் விற்கலாமா? (நெடுங்கண்டம்)

கூடாது அம்மா. கேரளத்தில் உரிமமின்றி ஒயின் தயாரிப்பதே அங்குள்ள மதுபானச் சட்டமான அப்காரிச் சட்டப்படி குற்றம். ஆர்கானிக் பழம் என்பதால் அதில் விலக்கு எதுவும் இல்லை.