போர்ச்சுகலின் 'வின்யோ வெர்டே' பச்சை நிற ஒயினா?

இல்லை. பெயரின் நேர்ப்பொருள் 'பச்சை ஒயின்'தான். ஆனால் பச்சைக் குழந்தை என்கிறோமே, அந்தப் பச்சை என்பதே பொதுவான விளக்கம்: முதிரவிடாமல் இளமையிலேயே குடிப்பது.

போர்ச்சுகலின் வடமேற்கே, அட்லாண்டிக் கடலோர மின்யோ பகுதியில் விளைகிறது. எந்தப் பகுதியின் ஒயின் இந்தப் பெயரைத் தாங்கலாம் என்று 1908இல் எல்லை வகுத்தார்கள். மழையும் குளிர்ச்சியும் மிகுந்த இடம் என்பதால் திராட்சையில் சர்க்கரை குறைவு, புளிப்பு அதிகம். ஆகவே ஆல்கஹாலும் பெரும்பாலும் குறைவு. குடிக்கும்போது நாக்கில் சுரீரென்னும் கரியமில வாயுவை இப்போது பல தயாரிப்பாளர்கள் தாங்களே சேர்க்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து, சுட்ட மத்தி மீனோடு பரிமாறுங்கள்.

இளநீர் மாதிரிதான், வெட்டியதும் குடித்தால்தான் ருசி. பழசாக ஆக எந்த ஒயினும் மேம்படும் என்று நம்பி இதைப் பத்திரப்படுத்துபவர்கள் உண்டு. அல்வாரின்யோ திராட்சையில் செய்த நல்ல ரகங்களைத் தவிர மற்றவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் களையிழந்துவிடும்.