ஒளியமைப்பு படிக்க எந்தப் புத்தகம்? – தண்டையார்பேட்டை ஸ்டுடியோக்காரரிடம் கேள்வி பதில்

இன்றைக்கு ஒளியமைப்பும் அதற்கான புத்தகங்களும் மட்டும். கேமரா, ஃப்ளாஷ் விலை விசாரிக்க வருகிறவர்கள் கடைக்குப் போகலாம்.

அண்ணே, ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எது? – கல்லூரி மாணவர், ராயபுரம்

'லைட் சயின்ஸ் அண்ட் மேஜிக்'. ஃபில் ஹன்டரும் கூட்டாளிகளும் எழுதியது, முதல் பதிப்பு 1990. கேமரா மாடல்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் இது பழசாகவில்லை. காரணம், எந்த பட்டனை அழுத்துவது என்று அது சொல்வதில்லை. ஒளி ஒரு பரப்பில் பட்டால் என்ன ஆகும் என்றுதான் சொல்கிறது. துணி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். எவர்சில்வர் கண்ணாடி மாதிரி ஒரே கோணத்தில் திருப்பி அனுப்பும். பளபளப்பு எந்தக் கோணங்களிலிருந்து கேமராவுக்கு வருகிறது என்று தெரிந்துவிட்டால், விளக்கை அங்கே வைப்பதா, தள்ளி வைப்பதா என்பது உங்கள் முடிவு.

வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டம்ளரை ஜன்னலோரம் வையுங்கள். டம்ளரில் ஜன்னல் தெரியும், நீங்களும் தெரிவீர்கள். பக்கத்தில் வெள்ளை தெர்மாகோல் ஒன்றை நிறுத்தினால் அந்தப் பக்க உலோகம் வெள்ளையாகும். கறுப்பு சார்ட் வைத்தால் விளிம்பு எழும்பி வரும். இதைச் செய்யாமல் அந்தப் புத்தகத்தைப் படித்தால் பாதி ஏறாது.

விளக்கு, குடை, ஸ்டாண்டு எதையும் இப்போது வாங்காதீர்கள். முதலில் புத்தகம்.

'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்' வைத்திருக்கிறேன். போதாதா? – பெரம்பூர்

பிரையன் பீட்டர்சன் எழுதிய நல்ல புத்தகம்தான். ஆனால் அது அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) மூன்றையும் பழக்குவது. எவ்வளவு ஒளி என்பது அதில் கிடைக்கும். எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு பெரிய ஒளி என்பதற்கு வேறு புத்தகம் வேண்டும்.

எந்த ஃப்ளாஷ் வாங்கலாம்? – எண்ணூர்

மேலே முதல் பத்தியைப் படியுங்கள்.

இங்கிலீஷ் கஷ்டமாக இருக்கிறது சார். – திருவொற்றியூர்

டேவிட் ஹாபி பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தவர். அவருடைய 'லைட்டிங் 101' இணையத்தில் இலவசம். சின்னச் சின்னப் பாடங்கள், பேச்சு நடை. அதில் தொடங்கிவிட்டு அப்புறம் பெரிய புத்தகத்துக்கு வாருங்கள்.

புத்தகங்களில் முக்கால்வாசி வெள்ளைக்கார முகங்கள். நம் முகத்தை எடுத்தால் மண் பூசின மாதிரி வருகிறதே, அண்ணே? – வியாசர்பாடி

நல்ல கேள்வி தம்பி. காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பதே கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டரின் குணம். வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் அது ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். பிறகு கம்ப்யூட்டரில் தூக்கினால்தான் அந்த மண் நிறம். முகத்துக்கு மட்டும் மீட்டர் பாருங்கள், அது முகத்தைச் சாம்பலுக்கு வெளுக்காதபடி கொஞ்சம் குறைத்து வையுங்கள். கறுப்புத் தோலில் அழகு பளபளப்பில் இருக்கிறது. பட்டர் பேப்பர் ஒட்டிய பெரிய ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்தால் கன்ன எலும்பில் அகலமான மினுமினுப்பு விழும். முதலில் சொன்ன புத்தகத்தில் வெள்ளைமேல் வெள்ளை, கறுப்புமேல் கறுப்பு பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதை இரண்டு தடவை படியுங்கள்.

இதெல்லாம் பேச நல்லா இருக்கும். பொண்ணை கலரா காட்டலைன்னா பார்ட்டி ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. – கல்யாண போட்டோகிராஃபர், வண்ணாரப்பேட்டை

முகத்தை வெளுக்க எக்ஸ்போஷரை ஏற்றுகிறீர்கள். மாப்பிள்ளை வேட்டியும் பெண்ணின் ஜரிகையும் என்ன ஆகின்றன? வெறும் வெள்ளைத் திட்டு. எம்.சி. ரோட்டில் பார்த்துப் பார்த்து எடுத்த பட்டு அது.

அதுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க. – அதே வண்ணாரப்பேட்டை

விளக்கை முகத்தின் பக்கம் சற்றுத் திருப்புங்கள், ஒளியின் ஓரம் மட்டும் வேட்டியில் படட்டும். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோங்கள். தூரம் இரட்டிப்பானால் ஒளி கால் பங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் (ஒளி ஒரு தடவை பாதியானால் ஒரு ஸ்டாப்). அதனால் விளக்கு கிட்டே இருந்தால் முகத்துக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் தானாகக் கிடைக்கும். பெண் பிரகாசமாகத் தெரிவாள், நிறமும் அவளுடையதாகவே இருக்கும்.

காசிமேட்டிலிருந்து: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காசு கொடுப்பவர் கேட்டால்?

இரண்டு பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் வையுங்கள், ஒன்று சரியாக, ஒன்று வெளுப்பாக. அவர்களே எடுக்கட்டும். காட்டாமலே, சரியானதை ஏற்க மாட்டார்கள் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். எனக்கு இதில் வேறு கருத்து கிடையாது.

ஃப்ளாஷ்... – கொருக்குப்பேட்டை

இரண்டாவது ஆள். புத்தகம், புத்தகம், புத்தகம்.

பழைய புத்தகம் எங்கே கிடைக்கும்? பழைய பதிப்பு பரவாயில்லையா? – கொடுங்கையூர்

சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் கடைகளில் தேடுங்கள், எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் பாருங்கள். பழைய பதிப்பு தாராளமாக வாங்கலாம், ஃபிலிம் பற்றிய பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜோ மெக்நாலியின் 'ஹாட் ஷூ டைரீஸ்' கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதில் நிக்கான் ஃப்ளாஷ் பேச்சு நிறைய, ஆனால் ஒரு படத்தை எப்படி யோசித்தார் என்பது தெரியும். 'இந்த முகத்துக்கு இந்த விளக்கு' என்று வரைபடம் மட்டும் அடுக்கிய புத்தகங்களை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அறை மாறினால் அந்த வரைபடம் உதவாது.

குறும்படத்துக்கு லைட்டிங்? – மாதவரம்

அது என் தொழில் இல்லை. வடபழனிப் பக்கம் சினிமா லைட்மேன்களைப் பிடியுங்கள்.