தென்கி என்றால் வானிலையா, மின்சாரமா?

அன்புள்ள அக்காவுக்கு,

மூதூரிலிருந்து எழுதுகிறேன். வயது 24. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக விருப்பம். கொழும்பில் அறை எடுத்துத் தங்கி வகுப்புக்குப் போக எங்கள் வீட்டில் வசதி இல்லை. அதனால் ஆறு மாதமாகத் தனியாகப் படிக்கிறேன். 'மின்னா நோ நிஹொங்கோ' என்ற பாடநூலின் போட்டோகொப்பி ஒன்று இருக்கிறது, முழுக்க ஜப்பானிய எழுத்து, ஒன்றும் விளங்கவில்லை. தமிழ் எழுத்தில் ஜப்பானியச் சொற்களைப் போட்ட சின்னப் புத்தகம் ஒன்று வாங்கினேன். டுவோலிங்கோ செயலியில் 140 நாள் விடாமல் செய்திருக்கிறேன். வட்ஸ்அப் குழுவில் வந்த பீ.டி.எவ். மட்டும் நாலு ஜீ.பி. இருக்கும். இவ்வளவு இருந்தும் ஒரு வசனம் சொந்தமாகச் சொல்ல வருகுதில்லை. ஜப்பானிய மொழிக்கு 2200 மணித்தியாலம் வேண்டும் என்று எங்கோ வாசித்ததிலிருந்து பயமாகவும் இருக்கிறது. எது நல்லது, எதை விடுவது என்று கேட்க எனக்கு ஆசிரியர் இல்லை. நீங்கள் தனியாகப் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லுங்கள் அக்கா.

ஒரு வாசகி, மூதூர்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் போட்டோகொப்பியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது பாதிப் புத்தகம். 'மின்னா நோ நிஹொங்கோ'வின் பாடநூல் முழுவதும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். மொழிபெயர்ப்பும் இலக்கண விளக்கமும் தனிப் புத்தகம், ஆங்கிலத்திலும் வேறு பல மொழிகளிலும் வருகிறது. கொப்பி அடித்து விற்பவர்கள் பாடநூலை மட்டும் அடித்துத் தருகிறார்கள். ஆறு மாதம் உங்களுக்கு விளங்காமல் போனதற்கு அதுதான் காரணம். உங்களுக்குத் தலையில் ஏறவில்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

2200 மணித்தியாலக் கணக்கும் உங்களுக்கானது அல்ல. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி படிப்பிக்கும் நிறுவனம் வைத்த கணக்கு அது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர், உத்தியோக வேலையை அந்த மொழியிலேயே செய்யும் அளவுக்கு வர 88 கிழமை, 2200 வகுப்பு மணித்தியாலம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் தாய்மொழி தமிழ். நீங்கள் இப்போது எட்ட வேண்டிய படியும் அதைவிட மிகக் கீழே இருக்கிறது.

உங்கள் தாய்மொழி தமிழ் என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு புத்தகம், ஒரு செயலி, ஒரு யூடியூப் ஆசிரியர், எதுவானாலும் நல்லதா கெட்டதா என்று பார்க்க உங்களிடம் ஏற்கெனவே ஓர் உரைகல் இருக்கிறது. அதை வைத்து உரசிப் பாருங்கள்.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வாடகை வான் வண்டியில் போயிருப்பீர்கள். ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியான வானாக இருந்தால், சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். சாரதிகள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. "ஈ.டி.சி. காடோ கா சோன்யூ சரெதே இமசென்." அங்கே நெடுஞ்சாலைச் சுங்கம் கட்டும் அட்டை ஒன்று உண்டு, அது போடப்பட்டிருக்கவில்லை என்று அந்தக் குரல் சொல்கிறது. எனக்கு முதன்முதலில் முழுதாக விளங்கிய ஜப்பானிய வசனம் அதுதான். ஹபரணையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஏறியபோது, விடிய முந்திய இருட்டில். விளங்கிய அந்த நிமிடம் இன்னொன்றும் தெரிந்தது. அட்டை முன்னே, வினை கடைசியில், 'பட்டு', அதற்குப் பிறகு 'இரு', அதற்கும் பிறகு 'இல்லை'. தமிழில் அடுக்குவதைப் போலவே அடுக்கியிருந்தது.

இது அந்த ஒரு வசனத்தோடு நிற்பதில்லை. 'தபெதெ மிமசு' என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். 'மிரு' என்ற வினைக்குத் தனியே பொருளே 'பார்' என்பதுதான். 'கத்தெ ஒகிமசு' என்றால் வாங்கி வைக்கிறேன். 'ஒகு' என்றால் வை. கொண்டு வா, கொண்டு போ, என்று நினைக்கிறேன், எல்லாம் சொல்லுக்குச் சொல் வரும். ஆங்கில வழிப் புத்தகம் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விளக்கம் எழுதும். நீங்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

'கொடு' என்பதற்கு அங்கே இரண்டு சொல் உண்டு. என்னிடமிருந்து வெளியே போனால் 'அகெரு', என் பக்கம் வந்தால் 'குரெரு'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். எங்கள் வீடுகளில் "எனக்குத் தா" என்கிறோம், "அவனுக்குக் குடு" என்கிறோம். தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. பிடிப்பதற்கு உங்களுக்கு ஒரு கைப்பிடி இருக்கிறது.

ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துக்கும் இதே கதைதான். அடிப்படை எழுத்து 46. உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' வரிசை பழங்காலத்தில் 'ப' ஒலியாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், நாம் பாலர் வகுப்பில் பாடும் ஒழுங்கு காதில் கேட்கும். சமஸ்கிருத எழுத்தைப் படித்த பௌத்த பிக்குகள் வழியாக அந்த ஒழுங்கு அங்கே போனது. உங்கள் செயலி அந்த எழுத்துகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊட்டியிருக்கும். ஒரு சாதனம் முதல் நாளே முழு அட்டவணையையும் வரிசையாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் இரண்டு கிழமையில் முடித்துவிடலாம். நீங்களே பிள்ளைகளுக்கு அரிவரி சொல்லிக் கொடுப்பவர்.

சரி, தமிழ் கைகொடுக்கும் இடங்கள் இவை. ஆனால் ஒரு சாதனத்தின் தரம் தெரிவது தமிழ் காலை வாரும் இடங்களில்தான்.

தமிழ் எழுத்தில் ஜப்பானியச் சொற்களைப் போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தைத் திறந்து 'தென்கி' என்ற சொல்லைத் தேடுங்கள். இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று வானிலை, மற்றது மின்சாரம், விளக்கு. ஜப்பானியர் வாயில் இவை இரண்டு வேறு சொற்கள். முன்னது 'தண்ணீர்' என்பதில் வரும் த. பின்னது வல்லோசை இல்லாத, 'பந்து' என்பதன் நடுவில் கேட்கும் த. தமிழில் அந்த வேறுபாடு இடத்தைப் பொறுத்துத் தானாக வரும், அதனால் நமக்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை. சொல்லின் முதலிலேயே அது வரும்போது நம் எழுத்தால் காட்ட முடியாது. நான் உப்புவெளியில் ஒரு விடுதியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதே மாதிரி ஒரு புத்தகத்தை வைத்துத்தான் தொடங்கினேன். ஓர் இரவு மின்சாரம் போனது. தங்கியிருந்த வயதான ஜப்பானிய அம்மாவிடம் போய், விளக்கு அணைந்துவிட்டது, பயப்பட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நான் சொன்னது 'வானிலை அணைந்துவிட்டது' என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் எழுந்து போய் யன்னலால் கடலைப் பார்த்தார். புயல் ஏதும் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 2004 ஆழிப்பேரலை பார்த்த கரையில் அந்தக் கேள்வி சின்னக் கேள்வி அல்ல. அவரை ஆறுதல்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் ஆனது. அந்தப் புத்தகம் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. விலை குறைவு, தமிழில் இருக்கிறது என்று நம்பி வாங்கும் பிள்ளைகளுக்கு அது தவறான ஒலியைப் பழக்கிவிடுகிறது, பழகிய ஒலியைக் கழற்றுவது படிப்பதைவிடக் கஷ்டம். அதை இன்றே மூடி வையுங்கள். நானும் இந்தப் பதிலில் வேறு வழியில்லாமல்தான் ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதுகிறேன். இவற்றை வாசித்து உச்சரிக்கப் பழகாதீர்கள், ஒலிப்பதிவில் கேளுங்கள்.

குறில் நெடிலில் உங்களுக்குப் பயமில்லை. 'ஒபசன்' என்றால் மாமி, 'ஒபாசன்' என்றால் பாட்டி. 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' என்றால் முத்திரை. மாத்திரை எண்ணத் தெரிந்த காது இதைத் தவறவிடாது.

அடுத்து, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் 'நி', 'தெ' என்ற இரண்டு வேற்றுமை உருபுகளைப் பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். வாசிகசாலையில் இருக்கிறேன், வாசிகசாலையில் படிக்கிறேன். நமக்கு இரண்டும் 'இல்'. அங்கே வெறுமனே இருந்தால் 'நி', ஒரு செயல் நடந்தால் 'தெ'. தமிழ் மனம் இரண்டுக்கும் ஒன்றையே போடும், போட்டது தவறு என்றும் தோன்றாது. நான் ஒரு வருடம் அப்படித்தான் எழுதினேன். விடைகள் உள்ள ஒரு பயிற்சிப் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இந்த இடத்தில் நின்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பத்துப் பயிற்சியாவது தந்து, கடைசியில் விடையும் தருகிற புத்தகம் தனியாகப் படிப்பவருக்கு ஏற்றது. ஒரு வரியில் கடந்து போகிற புத்தகம் வகுப்பில் ஆசிரியர் சொல்லிக்கொள்ளட்டும் என்று எழுதப்பட்டது. 'கெங்கி' என்ற புகழ்பெற்ற பாடநூல் நல்ல நூல், இலக்கண விளக்கம் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கும். ஆனால் அதுவும் வகுப்பறைக்காகச் செய்தது. பாதிப் பயிற்சி பக்கத்து மாணவரோடு செய்ய வேண்டியது. விடைகளும் தனிப் புத்தகம். அதை வாங்குவதானால் விடைப் புத்தகமும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

'இருக்கிறது' என்பதற்கும் அங்கே இரண்டு வினை. ஆட்களுக்கும் மிருகங்களுக்கும் 'இரு', மற்றவற்றுக்கு 'அரு'. தமிழ் இங்கேயும் உதவாது. ஆனால் நீங்கள் திருமலைக்காரி, கொஞ்சம் சிங்களம் காதில் விழுந்திருக்கும். இன்னவா, தியெனவா என்ற வேறுபாடுதான் அது. சிங்கள வழியில் ஜப்பானியம் படிப்பிக்கும் காணொளிகளைத் தள்ளிவிடாதீர்கள். சிங்களமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. விளக்கம் பல இடங்களில் ஆங்கிலத்தைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கும்.

டுவோலிங்கோ 140 நாள் செய்தது வீணில்லை, தினமும் உட்காரும் பழக்கம் வந்திருக்கிறது. ஆனால் அது சொற்களை முன்னால் பரப்பி, பொறுக்கி அடுக்கச் சொல்கிறது. பரப்பியதில் பொறுக்குவது வேறு, ஒன்றுமில்லாத இடத்தில் சொல்லை எடுத்து வருவது வேறு. நீங்கள் ஒரு வசனமும் சொந்தமாக வரவில்லை என்று எழுதியது இதனால்தான். எந்தச் சாதனத்திலும் ஒரு பாடம் முடிந்ததும் மூடிவிட்டு, அந்தப் பாடத்தை வைத்து உங்கள் வீட்டைப் பற்றி ஐந்து வசனம் சத்தமாகச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். மூன்று பாடம் தொடர்ந்து ஐந்து வசனம் வரவில்லை என்றால் அந்தச் சாதனம் உங்களுக்குப் பொருந்தவில்லை. யார் எவ்வளவு புகழ்ந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பரீட்சை நிச்சயம் என்று விளம்பரம் செய்யும் புத்தகங்களிலும் கவனம் வேண்டும். நீங்கள் போக நினைக்கும் வேலைக்கு 2019இல் தொடங்கிய 'குறித்த திறன்' தொழில் விசா உண்டு. அதற்கு ஜே.எல்.பீ.டி. என்ற ஜப்பானிய மொழிப் பரீட்சையின் என்4 படி அல்லது ஜே.எப்.டி. பேசிக் என்ற இன்னொரு மொழிப் பரீட்சை வேண்டும். பின்னதில் 250க்கு 200 எடுக்க வேண்டும். பராமரிப்பு வேலைக்கு அதற்கென்று தனி மொழிப் பரீட்சையும் உண்டு. இவற்றில் எதிலும் நீங்கள் வாய் திறந்து பேச வேண்டியதில்லை, தெரிவு செய்தால் போதும். அதனால் பரீட்சைப் புத்தகமும் பேசப் பழக்காது. ஆனால் அங்கே போய் முதல் நாள், படுக்கையில் இருக்கும் ஒருவர் "இதாய்" என்று முனகினால் அது வலிக்கிறது என்று அந்த நொடியே விளங்க வேண்டும், எங்கே என்று கேட்க உங்களுக்கு வாய் வர வேண்டும். பரீட்சைப் புத்தகத்தைக் கடைசி மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைக்கு நான் முதலில் சொல்வது 'இரொதொரி'. ஜப்பான் பவுண்டேசன் வெளியிட்டது. ஜே.எப்.டி. பேசிக் நடத்துவதும் அவர்கள்தான். மூன்று புத்தகம், ஒலிப்பதிவோடு இலவசமாக அவர்களின் தளத்திலேயே இறக்கலாம். ஜப்பானில் வாழ்ந்து வேலை செய்ய வருபவர்களுக்காக எழுதியது, ஒவ்வொரு பாடமும் என்ன செய்ய முடியும் என்பதை முன்வைத்தே போகும். அதை முதுகெலும்பாக வையுங்கள். நாலு ஜீ.பி.யையும் அழித்துவிடுங்கள், மனம் வராவிட்டால் வேறொரு போனில் போட்டு அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் எங்கள் திருமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்ததைப் பார்த்த கிழவர்களின் கதை கேட்டு வளர்ந்தவள் நான். அதே ஊரிலிருந்து ஒரு பிள்ளை ஜப்பானிய முதியவர்களைப் பார்த்துக்கொள்ள அவர்கள் மொழியைப் படிக்கிறாள் என்பதில் எனக்கு மிகுந்த சந்தோசம்.

'மின்னா நோ நிஹொங்கோ'வின் மற்றப் பாதி, ஆங்கில விளக்கப் புத்தகம், முதல் 25 பாடத்துக்கு உரியது என்னிடம் இருக்கிறது. நீங்கள் திருமலைக்கு வரும் நாளை எழுதுங்கள், பஸ் நிலையத்துக்குக் கொண்டு வந்து தருகிறேன். முடித்ததும் திருப்பித் தாருங்கள். ஓரங்களில் என் பென்சில் குறிப்புகள் இருக்கும், 'நி', 'தெ' வரும் பக்கத்தில் கொஞ்சம் அதிகமாக.

அன்புடன்,
அக்கா