நிறுத்த முடியாத சாப்பாடு: எப்போது டாக்டரிடம் போவது?

மனநலம், உணவு குறித்த வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

“பகல் முழுவதும் ஒரு டீ, இரண்டு இட்லியோடு ஓட்டிவிடுவேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மிச்சமிருக்கும் சோறு, பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த தட்டுவடை, பிஸ்கட் பாக்கெட் என்று நின்றுகொண்டே தின்று தீர்க்கிறேன். வயிறு வலித்தாலும் கை நிற்பதில்லை. மறுநாள் அழுகை, பட்டினி. வாரத்தில் மூன்று நாளாவது இப்படித்தான், ஒரு வருடமாகிறது. எடை 62 கிலோதான். பலகாரம் குறைவதைப் பார்த்த மாமியார், ‘வாயைக் கட்டத் தெரியலையே’ என்கிறார். இதற்கெல்லாமா டாக்டரிடம் போவார்கள்?”
— வாசகி, அம்மாப்பேட்டை

போவார்கள், நீங்களும் போக வேண்டும். உங்கள் எடையை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். நாங்கள் பார்ப்பது வேறு: இரண்டு மணி நேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுகிறீர்களா, அப்போது நிறுத்த முடியாத நிலை இருக்கிறதா, பிறகு மனம் நோகிறதா. இது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால், ‘பிஞ்ச் ஈட்டிங்’ என்ற கோளாறாக இருக்கலாம். அவசர அவசரமாகச் சாப்பிடுவது, பசியில்லாமல் சாப்பிடுவது, வெட்கப்பட்டு ஒளிந்து சாப்பிடுவது ஆகியவையும் அதன் அடையாளங்கள். வாரம் மூன்று முறை, ஒரு வருடம் என்றால் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். மறுநாள் பட்டினி கிடப்பதால் இது பிஞ்ச் ஈட்டிங்கா, அல்லது அதிகம் சாப்பிட்டதை ஈடுகட்டப் பட்டினி கிடப்பது, வாந்தி எடுப்பது என்று போகும் ‘புலிமியா’வா என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இது வாயைக் கட்டாத குற்றம் அல்ல. பகலில் நீங்கள் வாயைக் கட்டுவதுதான் ராத்திரியைப் பெருமளவு உண்டாக்குகிறது. உடல் பத்து மணி நேரம் காத்திருந்து கிடைத்ததையெல்லாம் கேட்கிறது. பிறகு குற்ற உணர்ச்சி, மறுநாள் பட்டினி, மறுபடி ராத்திரி. இந்தச் சுற்றை ராத்திரியில் அறுக்க முடியாது, காலையில்தான் அறுக்க முடியும்.

டாக்டரைப் பார்க்கும்வரை காத்திருக்காமல் இன்றே தொடங்குங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி. இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலை 8 மணிக்கு வயிறு நிறைய இட்லி, 11 மணிக்கு கொய்யாவும் மோரும், 1.30-க்குச் சோறு குழம்பு பொரியல், 5 மணிக்கு டீயும் சுண்டலும், 8 மணிக்கு இரவு உணவு. பசிக்காவிட்டாலும் அந்தந்த நேரத்தில் சாப்பிடுங்கள். பலர் சறுக்கும் இடம் ஒன்றுதான்: ராத்திரி அதிகம் சாப்பிட்டுவிட்டு, ‘இன்னிக்கு டிபன் வேண்டாம்’ என்பது. அந்தக் காலை டிபனை விடவே கூடாது. அது ஆடி வெள்ளியானாலும் சரி. இப்போதைக்குப் பட்டினி விரதம் வேண்டாம், விளக்கேற்றிக் கும்பிட்டால் போதும்.

ஒரு நோட்டில் நேரம், சாப்பிட்டது, இடம், அதற்கு முன் நடந்தது ஆகியவற்றை எழுதுங்கள். கை நிற்காத வேளைகளுக்கு மட்டும் ஒரு நட்சத்திரம். கலோரி கணக்கு வேண்டாம். சாப்பிட்டவுடன் எழுதுவது முக்கியம். படுக்கும்போது யோசித்து எழுதினால், ‘எல்லாத்தையும் தின்னேன்’ என்பது மட்டுமே மிஞ்சும், காரணம் தெரியாது. எடையை வாரம் ஒரு முறைக்கு மேல் பார்க்காதீர்கள்.

நீங்கள் ஒரு வருடமாகத் தவிப்பதால் டாக்டரைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். பிரச்சினை அண்மையில் தொடங்கியவர்கள் நான்கு வாரம் தாங்களே செய்து பார்க்கலாம். அதற்குள் நட்சத்திரங்கள் குறையவில்லை என்றால் தள்ளிப்போடக் கூடாது. ‘இன்னும் கொஞ்சம் மன உறுதி வரட்டும்’ என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். அது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இது குணமாகக்கூடிய நோய்.

“கல்லூரியில் படிக்கும் மகள் லீவுக்கு ஏற்காடு வந்திருக்கிறாள். கட்டிலுக்கடியில் சிப்ஸ் கவர்கள். சாப்பிட்டதும் பாத்ரூம் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கிறது. கேட்டால் அழுகிறாள். லீவு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?”
— ஒரு தந்தை, ஏற்காடு

வேண்டாம், இந்த வாரமே கூட்டிப் போங்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் பெண்ணுக்கும் இது நடக்கும். பொட்டாசியம், சோடியம் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் முதலில் எடுக்க வேண்டும். மயக்கம், படபடப்பு, வாந்தியில் ரத்தம், தசை இழுப்பு, ‘செத்துப் போகலாம்போல இருக்கு’ என்ற பேச்சு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு, 108-ஐ அழையுங்கள். பேதி மாத்திரை எடுக்கிறாளா என்றும் மெதுவாகக் கேளுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசாதீர்கள். கவர்களை எடுத்து முன்னால் போட்டு விசாரிப்பதும் கூடாது. “கண்ணு, நீ கஷ்டப்படறது அப்பாவுக்குத் தெரியுது. திட்டமாட்டேன். டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போலாம்” என்பது போதும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கினால், அமிலம் பட்ட எனாமல் தேயும். வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

“வயது 46, நைட் ஷிப்ட் வேலை. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை. கவுன்சலிங் போய் ஐந்து மாதம் நன்றாக இருந்தேன். மாம்பழ சீசனில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. அதிகம் சாப்பிட்ட அன்று கூடுதலாக ஒரு மாத்திரை போடுகிறேன். எல்லாம் வீணாகிவிட்டதா?”
— வாசகர், சூரமங்கலம்

முதலில் அந்தக் கூடுதல் மாத்திரையை நிறுத்துங்கள். கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கக்கூடியது. அதைப் போட்டுவிட்டு ஷிப்டில் சாப்பாடு தள்ளிப்போனாலும் இதேதான்: கை நடுக்கம், வியர்வை, அடங்காப் பசி. உங்களுக்கு வருவதில் சில வேளைகள் சர்க்கரை இறங்கியதால் வந்த பசியாகவே இருக்கலாம். அடுத்த முறை அந்த வெறி வந்ததும் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை டாக்டரிடம் ஷிப்ட் நேரத்தையும் இந்தப் பிரச்சினையையும் சேர்த்தே சொல்லுங்கள். மருந்தையோ நேரத்தையோ அவர் மாற்றலாம்.

எதுவும் வீணாகவில்லை. மாதத்தில் ஒரு நாள் சறுக்கினால் பழைய நோட்டை எடுத்து நேரத்துக்குச் சாப்பிட்டால் போதும். இரண்டு வாரம் தொடர்ந்து வாரம் ஒரு முறையாவது வந்தால், அல்லது மறுபடி ஒளித்துச் சாப்பிடத் தொடங்கினால், பழைய கவுன்சலரிடம் போங்கள். சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழத்தை அறவே ஒதுக்க முயலாதீர்கள். தடை போட்ட பண்டம்தான் ராத்திரி தேடி வரும். எவ்வளவு சாப்பிடலாம் என்று உணவியல் நிபுணரைக் கேட்டு, வீட்டாரோடு உட்கார்ந்து, தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள்.

“சேலத்தில் எங்கே போவது? என்ன கேட்பார்கள்? வெளியே தெரிந்துவிடுமா?”
— மூன்று வாசகர்கள்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ப் புறநோயாளி சீட்டு வாங்குங்கள். ஏற்காடு மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில், அதாவது ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியில், எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தனியாரிடம் போவதானால், மருத்துவ உளவியலாளருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள்; கேட்பது தவறில்லை. ‘பத்து நாளில் எடை குறைப்போம்’ என்ற பவுடர் கடைகள் பக்கம் போகாதீர்கள், அந்த டயட் நோயை வளர்க்கும். இந்தச் சிகிச்சையின் நோக்கம் எடை குறைப்பதல்ல என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் ‘சி.பி.டி.’ என்ற பேச்சு முறை. குழுவாக இல்லாமல் தனியாக என்றால் வாரம் ஒன்றாக 16 முதல் 20 அமர்வுகள். மனச்சோர்வும் இருந்தால் மாத்திரை சேர்ப்பார்கள். ஸ்டீராய்டு, ஒலான்சபின் என்ற மனநல மாத்திரை போன்ற மருந்துகளும் பசியைக் கிளப்பும் என்பதால் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் போங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விதிவிலக்கு உண்டு. உள்ளே போய் வாய் வரவில்லை என்றால் நோட்டை நீட்டி, “சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை, வாரம் இத்தனை முறை, இத்தனை மாதமாக” என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.