போட்டிச் சட்டம் படித்து என்ன ஆகும்?

வணக்கம். என் மகள் சட்டம் படிக்கிறாள். போட்டிச் சட்டத்தில் ஆய்வு செய்து பேராசிரியராக வேண்டுமாம். குடும்பச் சட்டம், குற்றவியல் என்றால் நாலு பேருக்கு உதவும். இது பெரிய நிறுவனங்களின் சண்டைதானே? இதில் பேராசிரியருக்கு என்ன வேலை?
ஒரு தந்தை, யீஷூன்

அன்புள்ள நண்பருக்கு,

நிறுவனங்கள் ஒன்றோடொன்று நேர்மையாகப் போட்டியிட வைப்பதுதான் போட்டிச் சட்டம். மலேசியாவிலிருந்து உயிரோடு வரும் கோழியை இங்கே சிங்கப்பூரில் அறுத்து விற்ற 13 நிறுவனங்கள், விலையை எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்று ஆண்டுக்கணக்கில் தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் இழுக்கக்கூடாது என்றும் ஏற்பாடு. 2018இல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அவற்றுக்கு ஏறத்தாழ 26.9 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. தேக்காவில் கோழி வாங்கும் நம்மையும் இது பாதிக்கிறது.

கூடிப் பேசி விலை வைப்பது தவறு என்று யாருக்கும் புரியும். விலையைக் குறைப்பதில்தான் சிக்கல். பெரிய நிறுவனம் ஒன்று விலையை அடிமட்டத்துக்கு இறக்கினால் வாங்குபவருக்கு லாபம். ஆனால் போட்டியாளரை ஒழித்துவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளத்தான் இறக்குகிறதா? நீதிபதி எதை வைத்து முடிவு செய்வார்?

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவரான அமெரிக்கர் டொனால்ட் டர்னர் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு சட்டம் படித்து ஹார்வர்டில் பேராசிரியரானார். 1965இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சில், போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் ஏகபோக எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவராகப் போனார். நிறுவன இணைப்புகளுக்கான முதல் வழிகாட்டி நெறிகள் 1968இல் அவர் காலத்தில் வந்தவை. மீண்டும் வகுப்பறைக்கு வந்து, 1975இல் ஃபிலிப் அரீடாவுடன் ஒரு கட்டுரை எழுதினார். கூடுதலாக ஒரு பொருளைத் தயாரிக்க என்ன செலவாகும், அதற்கும் கீழே விற்கிறார்களா என்று பாருங்கள் என்றது அது. அந்தச் செலவைக் கணக்கிடுவது கடினம் என்பதால் சராசரி மாறும் செலவை, அதாவது மூலப்பொருள் போல உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவை ஒரு பொருளுக்கு எவ்வளவு என்று வகுத்து, அதை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பல அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டன. பேராசிரியரின் வேலை இதுதான்.

அந்த அளவுகோல் பெரிய நிறுவனங்களுக்குத்தான் அதிகம் சாதகம் என்பது என் எண்ணம். அந்தச் செலவுக்குச் சற்று மேலே, ஆனால் மொத்தச் செலவுக்குக் கீழே விற்றால் தப்பிவிடலாம். அப்படிப் பல ஆண்டு நட்டத்தைத் தாங்கும் பணம் அவர்களிடம்தானே இருக்கிறது? லினா கான் என்பவர் 2017இல் அமெரிக்காவில் சட்ட மாணவியாக இருந்தபோதே அமேசானை வைத்து இந்தக் கேள்வியை எழுப்பினார். பின்னர் கொலம்பியாவில் பேராசிரியராகி, 2021இல் அங்கே போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையத்தின் தலைவரானார்.

நம் போட்டித்தன்மைச் சட்டம் 2004இல் வந்தது. இன்னும் எழுதவேண்டியது நிறைய இருக்கிறது. மகளைத் தடுக்காதீர்கள். பொருளியலையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். வாடகைக் கார் செயலிகளான கிராப், ஊபர் இணைப்பு பற்றி நம் ஆணையம் 2018இல் வெளியிட்ட முடிவை அவர் முதலில் படிக்கட்டும். இணைப்புக்குப் பின் சலுகைகள் கழித்த கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு ஏறியதாக ஆணையம் கண்டது. அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று உங்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள்.