ஒரு சுயாதீன இசைக்குழு தானே தயாரிக்கும் பாப் ஆல்பத்தில் பல பாணிகளைக் கலந்தால், அது ஒரே ஆல்பமாகக் கேட்க என்ன செய்ய வேண்டும்?

எங்கள் குழுவில் நான்கு பேர், நான் பேஸ் கிட்டார். முதல் ஆல்பத்தை நாங்களே எழுதி, வாசித்து, ஒலிப்பதிவு செய்து, மிக்ஸிங் (பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது) வரை நாங்களே பார்த்தோம். ரெகே, டிஸ்கோ, ஃபோக், எலக்ட்ரானிக் எல்லாம் அதில் உண்டு. பத்துப் பாட்டும் முடிந்ததும் ஒரு நண்பருக்குப் போட்டுக் காட்டினோம். முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாமே நல்லா இருக்கு, இதுல உங்க பாட்டு எது?" என்றார். வேறு யார் யாரோ வாசித்ததையும் சேர்த்துத் தொகுத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அதைச் சரிசெய்ய இன்னும் ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதத்தில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பாணி எத்தனை முறை மாறினாலும் கேட்பவர் கூடவே வருவார். ஆனால் குரலும் டிரம்ஸும் பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறிய மாதிரி ஒலித்தால் அவர் வழி தவறிவிடுகிறார். நாங்கள் செய்த தவறு அதுதான். ரெகே பாட்டுக்கு ரெகே டிரம் சாம்பிள் (முன்பே பதிவான டிரம் ஒலி), டிஸ்கோவுக்கு இன்னொன்று, ஃபோக் பாட்டில் குரலுக்குப் பெரிய மண்டபத்தில் பாடுகிற மாதிரி ரிவெர்ப் (எதிரொலி), எலக்ட்ரானிக் பாட்டில் ரிவெர்ப்பே இல்லை. அந்தந்த பாணிக்கு நியாயம் செய்கிறோம் என்று நம்பினோம்.

பிறகு குரலை மட்டும் முதலிலிருந்து மறுபடி பதிவு செய்தோம். ஒரே மைக், பாடகியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், எல்லாப் பாட்டுக்கும் அதே இடம். தூரத்தில் இவ்வளவு கறார் எதற்கு என்றால், ஒரு பக்கத்து ஒலியை மட்டும் அதிகம் பிடிக்கும் மைக்குகளில் வாய் நெருங்க நெருங்கக் கீழ் ஒலிகள் தடித்துக்கொண்டே போகும். நாலு விரற்கடை நகர்ந்தாலே குரலின் குணம் மாறிவிடும். ரிவெர்ப்பும் ஒன்றே ஒன்று. சில பாட்டில் கூட, சில பாட்டில் குறைவு, அவ்வளவுதான். டிரம்ஸில் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (சுருக்கென்று ஒலிக்கும் சின்ன டிரம்) பத்துப் பாட்டுக்கும் பொது என்று முடிவு செய்தோம். இந்த மூன்றிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது.

அடுத்தது, கலப்பு பாட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். ஒரு பாட்டு ரெகே, அடுத்தது டிஸ்கோ என்று அடுக்குவது வேறு. ஒரே பாட்டில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைவது வேறு. எங்கள் ஐந்தாவது பாட்டில் சரணம் ரெகே: முதல் அடி காலியாக இருக்கும், கிக்கும் ஸ்னேரும் சேர்ந்து மூன்றாவது அடியில்தான் விழும். பல்லவி டிஸ்கோ: நான்கு அடியிலும் கிக். வேகம் முழுக்க நிமிடத்துக்கு 120 அடிதான். ஆனாலும் முதல் வடிவத்தில் பல்லவி வந்ததும் யாரோ ரேடியோவில் நிலையம் மாற்றியது போல இருந்தது. காரணம், அந்த இடத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தோம். டிரம்ஸ் உருட்டல், புது பேஸ் வரி, கிட்டார் நின்று சிந்தசைசர் நுழைவது, எல்லாம் ஒரே நொடியில்.

உருட்டலை எடுத்தோம். சரணத்தில் இரண்டாம், நான்காம் அடிகளில் வெட்டி வெட்டி வரும் கிட்டாரைப் பல்லவியிலும் மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டோம். என் பேஸ் பல்லவியின் முதல் நான்கு சுற்றுக்கும் சரணத்தின் அதே ஸ்வரங்களையே வாசித்தது, ஐந்தாவது சுற்றில்தான் மேல் ஸ்தாயிக்குத் தாவியது. இப்போது அந்த இடத்தைக் கேட்டால் எந்த நொடியில் டிஸ்கோ ஆனது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அப்புறம், வேண்டாததை நீக்குவது. தாங்களே தயாரிக்கும்போது "இது வேண்டாம்" என்று சொல்ல வெளி ஆள் கிடையாது. நாலு பேருக்கும் அவரவர் வாத்தியம் முக்கியம். லேப்டாப்பில் ட்ராக்குக்கும் பஞ்சமில்லை, சேர்த்துக்கொண்டே போகலாம். இதில் நான் மனதில் வைத்திருப்பது அமெரிக்கப் பாடகர் பிரின்ஸை. ஃபங்க், ராக், பாப் எல்லாவற்றையும் கலந்தவர், தன் இசையைத் தானே தயாரித்தவர். 1984-ல் வந்த 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டில் பேஸ் வரியையே முழுசாக எடுத்துவிட்டார். ஆட வைக்கும் பாட்டுக்கு பேஸ்தான் முதுகெலும்பு என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஒரு பேஸ் வாசிப்பவனாக இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளானது. எங்கள் ஃபோக் பாட்டில் என் பேஸை நானே எடுத்தேன், பாட்டு மூச்சுவிட்டது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம்: மிக்ஸிங்கில் அவரவர் வாத்தியத்தின் சத்தத்தை அவரவர் தொடக்கூடாது, மற்ற மூன்று பேர்தான் தீர்மானிப்பார்கள். சண்டை பாதியாகக் குறைந்தது.

வீட்டு அறையில் மிக்ஸிங் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 3.4 மீட்டர். அந்த இடைவெளியில் 50 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது பேஸின் அடி ஒலி, சுவர்களில் மோதித் திரும்பி நிலையலையாகத் தேங்கிவிடும். சுவரோரம் அதிகமாகவும், சரியாக நடுவில் மிகக் குறைவாகவும் கேட்கும். நாங்கள் உட்கார்ந்தது நடுவில். பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனோம். காரில் போட்டுக் கேட்டபோது கதவே அதிர்ந்தது. நாற்காலியை ஒரு பக்கமாக நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ஹெட்போனிலும் ஒரு முறை கேளுங்கள்.

சத்த அளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் -14 எல்.யூ.எஃப்.எஸ். (பாட்டின் சத்தத்தை அளக்கும் அலகு) சுற்றுவட்டத்துக்குத் தாங்களே கொண்டுவந்துவிடும். ஆல்பமாக வரிசையில் கேட்டால் பாட்டுகளுக்கு இடையே நீங்கள் வைத்த ஏற்ற இறக்கத்தையும் ஸ்பாட்டிஃபை அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் அமைதியான பாட்டை அமைதியாகவே விடுங்கள்.

வெளியிடும் முன் உங்கள் ஆல்பத்திலேயே ஒன்றோடொன்று சற்றும் ஒட்டாத இரண்டு பாட்டுகளை எடுங்கள். குரலையும் டிரம்ஸையும் தவிர மற்ற எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டு, உங்களைத் தெரியாத ஒருவருக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். இரண்டையும் ஒரே குழு வாசித்ததா என்று மட்டும் கேளுங்கள். நாங்கள் இரண்டாவது தடவை அதே நண்பரிடம் போகவில்லை, புது ஆளைத்தான் தேடிப் பிடித்தோம். அவர் யோசிக்காமல் "ஆமா" என்றார். அன்று இரவே ஆல்பத்தைத் தளத்தில் ஏற்றிவிட்டோம்.